அழைப்பும் அடக்கமும்

ரமலான் மாதத்து மாலைகளில், சேலம், நாமக்கல் பக்கத்துப் பள்ளிவாசல் வாயில்களில் தூக்குப்போசியை ஏந்தி நோன்புக் கஞ்சிக்கு நிற்கும் பிள்ளைகளுள் யார் எம்மதத்தினர் என்று, வெந்தயமும் பூண்டும் மணக்க அகப்பையால் மொண்டு ஊற்றுகிற பெரியவர் விசாரிப்பதில்லை. பிறரை இஸ்லாத்திற்கு அழைக்கும் 'தஃவா' என்னும் பணியின் முதற்பாடம் அதுவே என்பது என் அபிப்பிராயம்.

திருக்குர்ஆனின் 16ஆம் அத்தியாயம் 125ஆம் வசனம் அப்பணிக்கு விவேகம், நல்லுபதேசம், அழகிய விவாதம் ஆகியவற்றையே உபாயங்களாக விதிக்க, 2ஆம் அத்தியாயத்து 256ஆம் வசனம் மார்க்கத்தில் நிர்ப்பந்தத்தை அறவே விலக்குகிறது. நமது அரசியல் சாசனத்தின் 25ஆம் ஷரத்தும் மதப்பிரசாரத்திற்கு இடமளிக்கிறது; ஆயினும் அது பிறரை மதம் மாற்றும் உரிமையன்று என 1977இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் பின்னர் வரைந்த எல்லையை வேதம் முன்னரே தனக்குத் தானே வரைந்துகொண்டது எனலாம்.

மேடையேறிப் பிற சமயத்தை இகழ்வோர் (அவர்கள் எல்லா மதத்திலும் உண்டு) சாதித்ததைக் காட்டிலும், திருக்குர்ஆனைத் தமிழாக்கிய அப்துல் ஹமீது பாகவி போன்றோர் ஓசையின்றிச் சாதித்தது பெரிது. ஆகவே, ஜமாஅத்தார் ஒலிபெருக்கியைச் சற்றே தணித்து, அண்டை வீட்டாரைப் பள்ளிவாசலுக்குள் அழைத்து, அவர்கள் கேட்பதற்கு நல்ல தமிழில் விடை சொல்வார்களாக.