தராசைப் பிடுங்காதீங்க, இடத்தைக் குறிச்சுக் கொடுங்க!



என் இன்ஜினியரிங் ஃபீஸ், அம்மா தள்ளுவண்டியில காய் வித்துக் கட்டினது. ஒருநாள் நகராட்சி ஆட்கள் வந்து தராசு, கூடை எல்லாத்தையும் தூக்கிட்டுப் போனாங்க. நாலு நாள் அலைஞ்சு திரும்ப வாங்கினப்போ தக்காளி அழுகியிருந்தது.

அப்போ எங்களுக்குச் சட்டம் தெரியாது. 2014 தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, பறிமுதல் செஞ்சா பட்டியல் தரணும். அழுகும் பொருளைக் கேட்ட அன்னிக்கே திருப்பித் தரணும். கணக்கெடுப்பு முடிச்சு சான்று கொடுக்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தவே கூடாது.

பசுமைத் தொழில்னு மேடையில பேசுறோம். தள்ளுவண்டிக்கு பெட்ரோல் வேணாம், ஏசி வேணாம். பக்கத்து ஊர்க் கீரை வாழைநார்க் கட்டோட வந்து அன்னிக்கே வித்துத் தீருது. இதைவிடப் பசுமையான தொழில் எது?

"ரோட்டை அடைக்கிறாங்களே?" நியாயமான கேள்விதான். எங்கே கடை போடலாம், எங்கே கூடாதுன்னு பேசி முடிவெடுக்கத்தான் நகர விற்பனைக் குழு இருக்கு. அதில் 40 சதவீதத்துக்குக் குறையாம வியாபாரிகள் தேர்ந்தெடுத்த வியாபாரிகளே இருக்கணும். அவங்கள்ல மூணுல ஒரு பங்கு பெண்கள். அந்தக் குழுவைக் கூட்டாம லாரியை அனுப்புறது நிர்வாகம் இல்ல.

கவுன்சிலர்கள் செய்யவேண்டியது பெருசா ஒண்ணுமில்ல. அடையாள அட்டை, குறிச்ச இடம், தண்ணிக் குழாய், விளக்கு, பெண்களுக்குக் கழிப்பறை, காய்க்கழிவை உரமாக்க ஒரு தொட்டி. அவ்வளவுதான்.

நம்ம கட்சி கவுன்சிலரா இருந்தாலும் சரி, கேளுங்க: நம்ம ஊர்ல விற்பனைக் குழு கடைசியா எப்போ கூடுச்சு?

#தெருவோரவியாபாரிஉரிமை