பள்ளி வாசலோடு நின்றுவிட்ட பல் மருத்துவம்

1949ஆம் ஆண்டு பினாங்கில் பல் தாதியர் பயிற்சிப் பள்ளி திறக்கப்பட்டது. போர் முடிந்து நான்கே ஆண்டுகள். நாட்டில் அவசரகாலம் வேறு. அந்த நெருக்கடியிலும் பிள்ளைகளின் பல்லைப் பற்றி யோசிக்க யாருக்கோ மனம் இருந்திருக்கிறது. 1921இல் நியூசிலாந்தின் வெலிங்டனில் தொடங்கிய முறைதான் மாதிரி: இளம்பெண்களுக்குப் பயிற்சி தந்து, பிள்ளைகளின் பற்களை மட்டும் பார்க்க அனுப்புவது. பிள்ளை டாக்டரைத் தேடி வராது, பள்ளிக்கு வரும். ஆகவே மருத்துவம் பள்ளிக்குப் போகட்டும் என்று கணக்குப் போட்டார்கள்.

கணக்கு தப்பவில்லை. கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ தமிழ்ப்பள்ளியில் படித்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: மண்டபத்தில் விரித்த மடக்கு நாற்காலி, பெயர் கூப்பிடும் தாதி, வரிசையில் நிற்கும்போதே கண் கலங்கும் பையன். பிறகு கால்வாய் ஓரம் வரிசையாகக் குந்தி, ஒரு கையில் பிளாஸ்டிக் குவளை, மறு கையில் பிரஷ், ஆசிரியர் எண்ண எண்ணத் துலக்குவது. அதற்கு முந்திய தலைமுறைக்கு அடுப்புக்கரியும் உப்பும்தான். கையில் காசிருந்தால் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த கோபால் பல்பொடி.

தண்ணீரும் துணைக்கு வந்தது. 1957இல் ஜொகூர் பாருவில் குழாய் நீரில் ஃபுளோரைடு சேர்த்தார்கள். 1972இல் அது நாட்டின் கொள்கையாயிற்று. சத்தமில்லாமல் நடந்த வேலை என்பதால் அதற்கு யாரும் மாலை போடவில்லை.

ஆனால் இந்த ஏற்பாட்டுக்கு இரண்டு பக்கமும் கதவு திறந்தே கிடக்கிறது. பள்ளியில் சேரும் முன்பே சொத்தை வந்துவிடுகிறது: 2015ஆம் ஆண்டு தேசிய ஆய்வில் ஐந்து வயதுப் பிள்ளைகளில் 71.3 விழுக்காட்டினருக்குச் சொத்தை. புட்டிப்பாலையும் இனிப்புக் கலந்த மாவுப் பானத்தையும் வாயில் வைத்தபடியே பிள்ளையைத் தூங்கவிடும் வீடுகளில் பள்ளித் தாதி வந்து என்ன செய்ய? மறுபக்கம், பள்ளியை விட்ட பிறகு ஆளைத் தேடி யாரும் வருவதில்லை. 2010ஆம் ஆண்டின் பெரியவர்கள் ஆய்வில் 88.9 விழுக்காட்டினருக்குச் சொத்தை வந்திருந்தது, 94 விழுக்காட்டினருக்கு ஈறு கோளாறு. பதினேழு வயது வரை கண்ணும் கருத்துமாகப் பார்த்த நாடு, பதினெட்டில் வேலைக்குப் போனவனை மறந்துவிட்டது என்றுதான் நான் படிக்கிறேன்.

எனக்குத் தெரிந்து ஒரே ஒரு தடவைதான் பல் மருத்துவம் வேலையிடத்துக்குப் போனது. அதுவும் பெரும்பாலும் நம் தோட்டத்து ஆட்களுக்காக.

விடியுமுன் நெற்றியில் விளக்குக் கட்டி, பாலுக்காக ரப்பர் மரம் வெட்டப் போன பெண்ணின் மடியில் வெற்றிலைச் சுருக்குப் பை இருக்கும். பசியை அடக்கும், தூக்கத்தை விரட்டும். பாக்கு, சுண்ணாம்பு, ஒரு கிள்ளு புகையிலை. கன்னத்து ஓரம் அடக்கினால் கடைசி மங்கில் பால் எடுக்கும் வரை தாங்கும். அடக்கிய அதே இடத்தில்தான் முதலில் வெள்ளைத் திட்டு வரும். காரம் பட்டால் எரியும். கன்னத்துச் சதை இறுகி, வாய்க்குள் மூன்று விரல் நுழையாது. வலி இல்லாததால் பல்லைப் பிடுங்கப் போகும் நாள் வரை யாரும் கண்டுகொள்வதில்லை. மலேசியாவில் வாய்ப்புற்று இந்தியப் பெண்களிடம் மிகுந்திருப்பதற்குப் பின்னால் இருப்பது இந்தச் சுருக்குப் பைதான். புகையிலை போடாவிட்டால் குற்றமில்லை என்ற பேச்சும் 2004இல் அடிபட்டுப் போனது. பாக்கே புற்றுநோய்க் காரணி என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகமை அறிவித்துவிட்டது.

1997இல் சுகாதார அமைச்சு, வாய்ப்புற்றை முன்கூட்டியே கண்டறியும் திட்டத்தைத் தொடங்கியது. தோட்டத்து இந்தியர்களையும் சபா, சரவாக் பூர்வகுடியினரையும் முதலில் குறிவைத்தது. தோட்டக் குடியிருப்பான லயத்துக்கே போய் வாயைத் திறக்கச் சொன்னார்கள். சரியான இடம், சரியான ஆட்கள். காலம்தான் பிந்திவிட்டது. அதற்குள் கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்டங்கள் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருந்தன. சுங்கை ரெங்கம் தோட்டம் ஷா ஆலமாகியிருந்தது. சீபீல்டு தோட்டம் சுபாங் ஜெயாவுக்குள் போய்க்கொண்டிருந்தது. பிராங் பெசார் தோட்டம் இருந்த மண்ணில் புத்ராஜெயா எழுந்தது. சுகாதார அமைச்சின் தலைமையகமே இன்று அங்கேதான் இருக்கிறது.

காலையில் வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக் களத்தில் ஒரே நேரத்தில் நின்ற ஜனம், அடுக்குமாடிக்கும் தொழிற்சாலைக்கும் லாரிக்கும் காவலாளி வேலைக்குமாகச் சிதறியது. சுருக்குப் பை மட்டும் கூடவே வந்தது. கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் பிரிக்பீல்ட்ஸிலும் ஈரச் சாக்கில் அடுக்கிய வெற்றிலையும் சீவிய பாக்கும் வாங்க இன்றும் ஆள் நிற்கிறது. கூடவே கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக், ஓவர்டைம் இரவுக்கு ஒரு டின் இனிப்புப் பானம். 2019 ஜூலையில் லிட்டருக்கு 40 சென் வரி போட்டும் அந்த டின்னை யாரும் கீழே வைத்ததாகத் தெரியவில்லை.

இன்று பெரட்டுக் களம் என்பது ஷிப்ட் மாறும் தொழிற்சாலை வாசல்தான். ஐந்நூறு பேர் ஒரே இடத்தில் சேரும் அந்த வேளையை விட்டால், முப்பது வயதுத் தொழிலாளியின் வாய்க்குள் பார்க்க வேறு நேரம் வாய்க்காது. பெரிய கருவி எதுவும் வேண்டாம். வெளிச்சமும் வாய்க்குள் பார்க்கும் சிறு கண்ணாடியும் பயிற்சி பெற்ற கண்ணும் போதும், ஆளுக்கு ஐந்து நிமிடம். 1955ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டம் பல் மருத்துவர் தரும் சான்றுக்கும் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு என்கிறது. நோய் முற்றியபின் விடுப்புக்குப் பணம் கட்டும் முதலாளிக்கு, முற்றுமுன் ஆண்டுக்கு ஒரு காலைப்பொழுதை ஒதுக்குவது நட்டமாகாது.

தொழிற்சங்கத்தில் பொறுப்பில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில், போனசுக்கும் ஓவர்டைமுக்கும் கீழே, ஆண்டுக்கொரு வாய்ப் பரிசோதனை என்று ஒரு வரி எழுதிச் சேர்த்துவிடுங்கள்.