பாலைவன டைரி - 14: துண்டு மூடிய முகம்

மக்களே, போன வாரம் டைரி எழுதலை. செமஸ்டர் பரீட்சை. நாலு நாளா ராத்திரி ரெண்டு மணிக்கு முன்னாடி படுக்கவே இல்லை. "நமக்கெல்லாம் நாலு மணி நேரத் தூக்கம் போதும்"னு காலேஜ்ல பெருமை வேற அடிச்சுக்கிட்டுத் திரிஞ்சேன் :-)

ஷார்ஜா ரோல்லாவில் எங்க ரூம்ல ஆறு பெட் ஸ்பேஸ். என் கட்டிலுக்குக் கீழ்க்கட்டில் புதுக்கோட்டை அண்ணனுக்கு. தொழிலாளர் பஸ் ஓட்டுகிறார். விடிகாலை மூணேகாலுக்கு அலாரம். சோனாப்பூர் கேம்ப்பில் ஆட்களை ஏற்றி ஜெபல் அலியில் இறக்கி, சாயங்காலம் திரும்ப ஏற்றி, ரூமுக்கு வர எட்டாகிடும். குளிச்சு, சமைச்சு, சாப்பிட்டு, ஊருக்கு வீடியோ கால் பேசி முடிச்சா மணி பத்து. மிச்சம் அஞ்சேகால் மணி நேரம்.

முகத்தில் துண்டைப் போட்டுக்கிட்டுத்தான் தூங்குவார். அது அவர் பழக்கம்னு நெனச்சிருந்தேன்.

பரீட்சை முடிஞ்ச அன்னிக்கு கடக் சாய் குடிச்சுக்கிட்டே என் நாலு மணி நேரப் பெருமையை அவர்கிட்டயும் அவிழ்த்து விட்டேன். அண்ணன் சிரிக்கலை. "தம்பி, நேத்து காலையில ரோட்டுல கண்ணு சொக்கிடுச்சு. மூணு செகண்ட் இருக்கும். பின்னாடி நாப்பது பேரு"ன்னார்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 90 கி.மீ. வேகத்தில் மூணு செகண்டுக்கு 75 மீட்டர். அவ்வளவு தூரம் அந்த பஸ்ஸை யாருமே ஓட்டலை.

அப்புறம்தான் உட்கார்ந்து படிச்சேன். பெரியவங்களுக்கு ராத்திரி 7 மணி நேரமாவது தூக்கம் வேணும்னு அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2015-லயே சொல்லிடுச்சு. தொடர்ந்து குறைஞ்சா எடை, சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயம்னு வரிசையா வருது. பயமுறுத்தினது இன்னொண்ணு. 2003-ல் வந்த ஒரு ஆய்வில் ரெண்டு வாரம் தினம் ஆறு மணி நேரமோ அதுக்கும் கம்மியாவோ தூங்கினவங்களுக்குக் கவனம் நாளுக்கு நாள் சரிஞ்சுக்கிட்டே போயிருக்கு. அவங்களுக்கோ பெருசா தூக்கக் கலக்கம் இருக்கிற மாதிரியே தோணலை. அதாவது "எனக்குப் பழகிடுச்சு"ன்னு சொல்ற ஆளோட சாட்சி செல்லாது. என் சாட்சியும் சேர்த்துத்தான்.

இங்கே ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12:30-லிருந்து 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. 2005-ல் ஆரம்பிச்ச ஏற்பாடு. சைட்ல நிறைய பேர் அந்த நேரத்தில் நிழலில் ஒரு தூக்கம் போட்டுடுவாங்க. அண்ணனும் பஸ்ஸை ஓரங்கட்டிக் கண்ணை மூடுவாராம். அது நல்லதுதான். ஆனா ராத்திரிக் கடனை முழுசா அடைக்காது.

அவர் டூட்டி நேரத்தை என்னால மாத்த முடியாது. மாத்த முடிஞ்சது ஒண்ணு இருந்தது. கேட்டேன், "ஏண்ணே, அந்தத் துண்டு எதுக்கு?"

கொஞ்ச நேரம் தயங்கிட்டு, "உன் லைட்டு தம்பி. படிக்கிற புள்ளைன்னுதான் ஒண்ணும் சொல்லலை"ன்னார்.

இப்போ பத்து மணிக்கு ரூம்ல லைட் ஆஃப். இதைக் கூட கிச்சன்ல உட்கார்ந்துதான் தட்டிக்கிட்டு இருக்கேன். மணி பதினொண்ணு. நானும் போய்ப் படுக்கணும்.

அடுத்த வாரம் பார்ப்போம் மக்களே. நல்லாத் தூங்குங்க.