மேலே ஒன்பது, கீழே ஒன்பது



ராமநாதபுரம் கடற்கரைச் சிறப்பிதழில் வந்த குறுக்கெழுத்துக்கு விடை கேட்டுக் கடிதங்கள் வந்தபடி இருக்கின்றன. விடையைக் கண்டுபிடித்துவிட்டு எங்களோடு சண்டைக்கு வந்த கடிதங்களும் உண்டு. எனக்குப் பிடித்தவை அவைதான். விடை இதுதான்: மேல் வரிசையில் 'மடியில் கனமில்லை', கீழ் வரிசையில் 'வழியில் பயமில்லை'. எங்காவது வருமானவரிச் சோதனை நடந்தால், மறுநாள் காலை தலைவர்கள் மைக் முன்னால் சொல்வார்களே, அதே பழமொழி.

தலைவர்கள் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்ட ஒன்றை ஏன் எடுத்தீர்கள் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எழுத்துகளை எண்ணிப் பாருங்கள், ஐயா. ம, டி, யி, ல் நான்கு. க, ன, மி, ல், லை ஐந்து. வ, ழி, யி, ல் நான்கு; ப, ய, மி, ல், லை ஐந்து. ஒன்பதுக்கு ஒன்பது கட்டம் போட்டு வைத்துக்கொண்டு யாரோ ஒரு பாட்டி சொன்னதுபோல இருக்கிறது. இப்படி ஒரு பழமொழி கைக்கு வந்தால் விட மனம் வருமா?

ஆனால் கட்டத்தில் வைத்த பிறகுதான் பாடு. ஆங்கிலத்தில் 26 எழுத்துதான். எந்தச் சொல்லும் எந்தச் சொல்லையும் எங்காவது வெட்டிக்கொண்டு போகும். நமக்கு 247. அதிலும் புள்ளி வைத்த எழுத்தில் தமிழ்ச் சொல் தொடங்காது. மேல் வரிசையின் ஒன்பது எழுத்துகளில் எதிலிருந்து கீழ்நோக்கி ஒரு சொல்லை இறக்கலாம்? டி, யி, ன மூன்றும் சொல்லுக்கு முதலில் வராதவை. ல் இரண்டு இடத்தில் நின்று வழி மறிக்கிறது. லையில் 'லைட்டு' என்று தொடங்கலாம்தான். பாம்பன் கலங்கரை விளக்கத்தை அப்படிச் சுருக்க எங்களுக்கு மனமில்லை. மிஞ்சியவை ம, க, மி. ம-வில் மண்டபம் இறங்கியது. க-வில் முதலில் கச்சத்தீவை வைத்தோம். புதிர் அரசியலாகிவிடும் என்று அதை எடுத்துவிட்டு, கடலில் பிடிபடும் கணவாயைப் போட்டோம். மி-யில் மீன் வராது, குறில் நெடில் தகராறு. வலையைத் தூக்கிப் பிடிக்கும் மிதவை வந்தது.

கீழ் வரிசையில் நிலைமை தலைகீழ். மேலே வழி மறித்த ல்லும் லையும் இங்கே சொற்கள் வந்து இறங்கும் துறையாகிவிட்டன. கடல், மணல், புயல், கரைவலை என்று அந்தக் கரையின் சொற்கள் பலவும் இந்த இரண்டு எழுத்துகளில்தான் முடிகின்றன. புயல் பொருந்தியும் எடுத்துவிட்டோம். 1964 டிசம்பரில் தனுஷ்கோடி போன கதையை இன்னும் வீட்டில் பேசுகிறவர்களிடம் அதை விளையாட்டுக் கட்டத்தில் நீட்டுவது சரியாகப் படவில்லை. கடலும் கரைவலையும் நின்றன.

சண்டைக் கடிதங்களுக்கு வருகிறேன். மேல் வரிசைக்கு நாங்கள் தந்த குறிப்பு: 'கரைக்கு வந்த மீனவருக்கு ஏமாற்றம், சோதனைக்கு நிற்பவருக்கு நிம்மதி (9)'. தங்கச்சிமடத்து வாசகி ஒருவர், "எங்கள் வீட்டில் மடியில் கனமில்லை என்று பெருமையாகச் சொல்லிப் பாருங்கள், சோறு கிடைக்காது" என்று எழுதியிருக்கிறார். நாங்கள் சொல்ல வந்ததும் அதுதான், அம்மா! வேட்டி மடிப்பும் மடி, வலையின் அடிப்பையும் மடி. அம்பாப் பாட்டுப் பாடிக் கரைவலை இழுக்கிறவர்களுக்கு மடி கனக்க வேண்டும். கனக்க வைக்கும் வழிதான் கேள்வி. இரட்டைமடி வலையைத் தடை செய்திருப்பது, கடலடியில் இருக்கும் குஞ்சு குளுவானையும் சேர்த்து அது வழித்துவிடுகிறது என்பதால்.

கனத்துக்கு அந்தக் கரையில் வேறு அர்த்தமும் உண்டு. 2023 மே கடைசியில் மண்டபம் பக்கம் அதிகாரிகள் துரத்தியபோது ஒரு படகிலிருந்து தங்கம் கடலில் வீசப்பட்டது. முக்குளித்து எடுத்தார்கள். இன்னொரு படகில் பிடிபட்டதையும் சேர்த்தால் 32 கிலோவுக்கு மேல். வழியில் பயம் வந்ததும் கனத்தைத் தூக்கிக் கடலில் போடுவதைப் பழமொழி யோசிக்கவில்லை போலும்.

பதவியோடும் மடியில் கனம் ஏறப் பார்க்கும். இதே கரையின் ராமேசுவரத்துக்காரர் அப்துல் கலாம் பல மேடைகளில் சொன்ன சம்பவம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நாடு விடுதலையான சமயம், அவர் தந்தை ஜெயினுலாப்தீன் ஊராட்சித் தலைவராகிறார். யாரோ ஒருவர் பட்டுத் துணி, பழம், இனிப்பு என்று தட்டோடு வீட்டுக்கு வருகிறார். பெரியவர்கள் இல்லை. பாடம் படித்துக்கொண்டிருந்த பையன், கட்டிலில் வைத்துவிட்டுப் போங்கள் என்கிறான். தந்தை வந்து பார்த்ததும் அடி விழுகிறது. எனக்கு இதில் வியப்பு, தட்டு வந்த வேகம்தான். பதவி வந்த சூடு ஆறுவதற்குள் பட்டும் வந்துவிட்டது.

குறுக்கெழுத்துக்கும் இப்படிப் பணத்தின் சோதனை வந்ததுண்டு. 1930-களில் ஆனந்த விகடனின் குறுக்கெழுத்துப் போட்டிகள் தமிழ்நாட்டையே பென்சிலும் கையுமாக உட்கார வைத்தன. பிறகு நாடெங்கும் நுழைவுக் கட்டணம் வாங்கிப் பெரும்பணத்தைப் பரிசாக அறிவிக்கும் போட்டிகள் பெருகின. அவற்றில் பலவற்றில் ஒரே குறிப்புக்கு இரண்டு சொல் பொருந்தும். எது 'சரி' என்பது நடத்துகிறவர் மனசு. ஜெயிக்க வேண்டுமானால் கூப்பன் கூப்பனாகக் கட்டணம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். 1955-இல் மத்திய அரசு பரிசுப் போட்டிகளுக்கென்றே சட்டம் கொண்டுவந்தது. மாதத்துக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் பரிசு தரும் போட்டிகள் கூடாது என்றது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. அதிர்ஷ்டத்தை நம்பி நடக்கும் போட்டி சூதாட்டம்தான், அது வியாபார உரிமையில் சேராது என்று 1957-இல் தீர்ப்பாயிற்று.

அதனால்தான், 'பட்டை' என்றும் போடலாமே, 'சட்டை' என்றும் போடலாமே என்று யாராவது எழுதினால் எங்கள் புதிர் மேசையில் எல்லோருக்கும் முகம் சுருங்கிவிடுகிறது. குறிப்பு உங்களைத் திசை திருப்பலாம், சுற்ற விடலாம், பாம்பனுக்குப் போகிறவரைப் பரமக்குடியில் இறக்கியும் விடலாம். விடை கிடைத்த பிறகு 'இதுவா, அதுவா?' என்ற சந்தேகம் மட்டும் மிஞ்சக் கூடாது. அமெரிக்கத் தமிழர்களின் 'தென்றல்' இதழில் வாஞ்சிநாதன் அமைத்த புதிர்களைப் போட்டுப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

இந்த இதழின் புதிர் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. அதிலிருந்து ஒன்றை மட்டும் இங்கே அவிழ்த்து விடுகிறேன்: 'தங்கத்தை இரண்டாக உடைத்துத் தலையிலும் காலிலும் வைத்திருக்கும் தீவு ஊர் (8)'. ஊரின் பெயர் இந்தப் பக்கத்திலேயே ஓரிடத்தில் இருக்கிறது. விடையை அஞ்சலட்டையில் எழுதுங்கள். கட்டணம் கிடையாது, பரிசு வழக்கம்போல ஒரு புத்தகம்.

அன்புடன்,
ஆசிரியர்