12 வோல்ட்தானே என்று இருந்துவிடாதீர்கள்!

கம்ப்யூட்டர் பத்திரிகையில் கார் ஆடியோவுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. கேபினட்டைத் திறந்து ஒரு ரேம் போட்டுவிட்டால், ஒரு ஹார்ட் டிஸ்க்கை மாட்டிவிட்டால், நம் எல்லோருக்கும் ஒரு தைரியம் வந்துவிடும். அடுத்து கை எங்கே போகும்? வீட்டில் இருக்கும் காரின் டிக்கிக்குத்தான். ஆம்ப்ளிஃபயர், சப்-வூஃபர், கூடவே உருளையாகப் பளபளவென்று ஒரு கெபாசிட்டர். என் கை அப்படித்தான் போனது.

மதுரையில் இருக்கும் பெரியப்பா மகன் ஒரு பழைய கார் வாங்கியிருந்தார். பாட்டு சத்தமாக ஓடும்போது பேஸ் அடிக்கும் ஒவ்வொரு முறையும் ஹெட்லைட் மங்கியது. கடையில் கேட்டதற்கு 1 ஃபாரட் கெபாசிட்டர் ஒன்றைக் கொடுத்தார்கள். "நீதான் என்ஜினியராச்சே, நீயே மாட்டிக் கொடுத்துடுடா தம்பி" என்றார் அண்ணன். நான் மென்பொருள் எழுதுபவன். ஆனாலும் நான்கு வருடம் என்ஜினியரிங் படித்தவன் என்ற கெத்தை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. எல்லா இணைப்பும் முடிந்து, கடைசியாக பாசிட்டிவ் கேபிளின் முனையைக் கெபாசிட்டரின் டெர்மினலில் வைத்தேன். "டப்" என்று ஒரு சத்தம். டிக்கிக்குள் வெல்டிங் பட்டறை போல ஒரு வெளிச்சம். கேபிளின் செம்பு வளையத்தில் ஒரு ஓரம் உருகிப் பள்ளமாகியிருந்தது. கை தப்பியது என் புண்ணியம்.

அண்ணன் ஓடிப் போய் ஃபியூஸைப் பார்த்துவிட்டு, "ஃபியூஸே போகலைடா, அப்போ ஒண்ணுமில்ல. 12 வோல்ட்தானே!" என்றார். இந்தக் கட்டுரையை எழுத வைத்ததே அந்த ஒரு வரிதான்.

கல்லூரி லேபில் கெபாசிட்டரை ரெசிஸ்டர் வழியாக சார்ஜ் செய்து, விநாடிக்கு விநாடி வோல்டேஜ் குறித்து, கிராஃப் வரைந்து முழு மதிப்பெண் வாங்கியவன் நான். அதே வேலையைக் காரில் செய்யும்போது அந்த ரெசிஸ்டர் என் நினைவுக்கே வரவில்லை. லேபில் இருந்தது உள்ளங்கையில் அடங்கும் 1000 மைக்ரோ ஃபாரட். காரில் இருந்தது அதைப் போல ஆயிரம் மடங்கு. கணக்கு ஒன்றுதான், விளைவு வேறு.

கணக்கைப் பாருங்கள். காலியான கெபாசிட்டர் முதல் நொடியில் ஷார்ட் சர்க்யூட் போலவே நடந்துகொள்ளும். கேபிள், பேட்டரி, கெபாசிட்டர் எல்லாவற்றின் ரெசிஸ்டன்ஸும் சேர்ந்து 0.03 ஓம் என்று வைத்துக் கொள்ளுங்கள். பேட்டரி 12.6 வோல்ட் என்றால் பாயும் கரண்ட் 420 ஆம்பியர். வெல்டிங் மெஷின்கூட பெரும்பாலும் இதைவிடக் குறைவாகத்தான் எடுக்கும். நடுவில் 30 ஓம் ரெசிஸ்டர் ஒன்று இருந்தால் அதே இடத்தில் 0.42 ஆம்பியர். சரியாக ஆயிரத்தில் ஒரு பங்கு.

இதில் இன்னொரு விஷயம் எனக்கு மிகவும் பிடிக்கும். நிரம்பிய அந்த 1 ஃபாரட் கெபாசிட்டரில் சுமார் 80 ஜூல் சக்தி இருக்கும். ஒரு கிலோ எடைக் கல்லை எட்டு மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் வரும் சக்தி அது. பேட்டரியிலிருந்து இப்படி நேராக சார்ஜ் செய்யும்போது, உள்ளே சேரும் 80 ஜூலுக்குச் சமமாக இன்னொரு 80 ஜூல் வழியிலேயே வெப்பமாகிவிடும். ரெசிஸ்டர் போட்டாலும் போகும், போடாவிட்டாலும் போகும். ரெசிஸ்டர் இருந்தால் அதன் உடம்பில் இரண்டரை நிமிடம் நிதானமாகப் போகும். இல்லாவிட்டால் கண் இமைக்கும் நேரத்தில், அதில் ஒரு பெரும் பங்கு கேபிளும் டெர்மினலும் தொடும் அந்த ஒரு புள்ளியில் போகும். என் செம்பு வளையம் உருகியது அதனால்தான். ஃபியூஸ் ஏன் போகவில்லை? உருகுவதற்கு அதற்கும் கொஞ்ச நேரம் வேண்டும். அது உருகுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆகவே ஃபியூஸ் போகவில்லை என்பது எதற்கும் நற்சான்றிதழ் ஆகாது.

உங்கள் கம்ப்யூட்டரிலும் இதே பிரச்சினை உண்டு. எஸ்.எம்.பி.எஸ். பெட்டிக்குள் 230 வோல்ட் மின்சாரத்தை டி.சி.யாக மாற்றித் தேக்கும் பெரிய கெபாசிட்டர்கள் இருக்கின்றன. ஒவ்வொரு முறை சுவிட்ச் போடும்போதும் அவை காலியாக இருந்தால் இதே வெறியோடுதான் கரண்டை இழுக்கும். அதைத் தடுக்க அங்கே தெர்மிஸ்டர் என்று வட்டமாக ஒரு சிறு பொருளை வைத்திருப்பார்கள். குளிர்ந்திருக்கும்போது சில ஓம் ரெசிஸ்டன்ஸ் காட்டும். சூடானதும் வழிவிட்டு ஒதுங்கிவிடும். (மின்சாரம் போய் உடனே வந்தால் அது இன்னும் சூடாகத்தான் இருக்கும். ஒரு நிமிடம் பொறுத்து சுவிட்சைப் போடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.) கம்ப்யூட்டரைத் தயாரித்தவர் நமக்காக யோசித்துவிட்டார். காரில் அந்தத் தெர்மிஸ்டரின் வேலையை நாம்தான் செய்ய வேண்டும். தானே மெதுவாக சார்ஜ் ஆகிக்கொள்ளும் சர்க்யூட் உள்ள கெபாசிட்டர்களும் உண்டு. உங்களுடையது அந்த ரகமா என்று அதன் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டிலும் ஆபத்து வேறு வேறு. எஸ்.எம்.பி.எஸ். கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் தங்கும். உயிரையே எடுக்கலாம், அதனால் அந்தப் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். கார் கெபாசிட்டர் ஷாக் அடிக்காது. சுட்டுவிடும். விரலில் மோதிரமோ கையில் உலோகப் பட்டை வாட்சோ டெர்மினல்களுக்கு நடுவே அகப்பட்டால் கதை முடிந்தது. வேலை ஆரம்பிக்கும் முன் இரண்டையும் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். சாவியை எடுத்துவிட்டு, பேட்டரி அருகே இருக்கும் மெயின் ஃபியூஸை முதலில் கழற்றுங்கள். பிறகு கெபாசிட்டரின் நெகட்டிவை காரின் பாடியோடும், பாசிட்டிவைக் கேபிளோடும் இறுக்குங்கள். பாசிட்டிவ், நெகட்டிவ் மாறவே கூடாது. மாற்றிக் கொடுத்தால் இந்த வகை கெபாசிட்டர் வெடிக்கவும் செய்யும். இப்போது ஃபியூஸ் இருந்த இடத்தில், அதன் இரண்டு முனைகளுக்கும் இடையே கிளிப் போட்டு அந்த 30 ஓம் ரெசிஸ்டரை மாட்டுங்கள். 27, 33 ஓம் இருந்தாலும் பரவாயில்லை, ஆனால் 10 வாட்ஸ் ரகமாக இருக்கட்டும். முதலில் 5 வாட்ஸுக்கு மேல் சூடாகும் என்பதால் கையில் பிடிக்காதீர்கள். கெபாசிட்டரின் மேல் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். அரை நிமிடத்தில் 8 வோல்ட்டை நெருங்கும். இரண்டரை நிமிடத்தில் ஏறக்குறைய பேட்டரி அளவுக்கு வந்துவிடும். ரெசிஸ்டரை எடுத்துவிட்டு உடனே ஃபியூஸைச் செருகுங்கள். தீப்பொறி வராது. மல்டிமீட்டர் இல்லாதவர்கள் ரெசிஸ்டருக்குப் பதில் காரின் 21 வாட்ஸ் இண்டிகேட்டர் பல்பைப் போடலாம். பிரகாசமாக எரிந்து, மெல்ல மங்கி அணையும். அணைந்தால் நிரம்பிவிட்டது.

கழற்றும்போதும் இதே பல்புதான். ஃபியூஸை எடுத்துவிட்டு கெபாசிட்டரின் இரண்டு டெர்மினல்களிலும் பல்பை வைத்தால் எரிந்து தீர்ந்துவிடும். ஸ்க்ரூ டிரைவரை வைத்து "டப்" என்று தீர்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது வித்தை இல்லை.

என் வருத்தம் கடைகளின் மேல்தான். ஆயிரக்கணக்கில் விலை சொல்லி கெபாசிட்டரை விற்கிறார்கள். ஒரு டீ செலவில் முடியும் ரெசிஸ்டரை டப்பாவுக்குள் வைக்கிறார்களா? சில கம்பெனிகள் வைக்கின்றன. எங்களுக்குக் கிடைத்த டப்பாவில் இல்லை. "சும்மா மாட்டுங்க சார், ஒண்ணும் ஆகாது" என்றுதான் அனுப்பினார்கள். அடுத்த முறை நீங்கள் வாங்கும்போது ரெசிஸ்டர் எங்கே என்று கேளுங்கள். கேட்பவர் பத்துப் பேர் ஆனால் அவர்களே எடுத்து வைப்பார்கள்.

சரி, ஹெட்லைட் மங்குவது நின்றதா? முழுதாக இல்லை. அதற்கும் கணக்கு உண்டு. வோல்டேஜ் 1 வோல்ட் இறங்குவதற்குள் 1 ஃபாரட் கெபாசிட்டர் 50 ஆம்பியர் கொடுக்க முடிவது ஐம்பதில் ஒரு பங்கு விநாடிதான். பேட்டரியும் ஆல்டர்னேட்டரும் தளர்ந்திருந்தால் இந்த உருளையால் ஈடுகட்ட முடியாது. கடைசியில் குற்றவாளி யார் தெரியுமா? பாடியில் பெயிண்ட் மேலேயே முறுக்கி வைத்திருந்த எர்த் வயர். பெயிண்டைச் சுரண்டி, தடித்த கேபிள் போட்டதும் விளக்கு நின்று எரிந்தது. கெபாசிட்டர் இன்னும் டிக்கியில்தான் இருக்கிறது. "காசு கொடுத்து வாங்கியாச்சு, இருந்துட்டுப் போகட்டும்" என்கிறார் அண்ணன்.