வீட்டுக் கமராவும் திறந்த படலையும்

அண்மையில் கிளிநொச்சிப் பக்கம் ஓர் அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். கணவர் இல்லை. இரண்டு மகள்மாருடன் தனியே இருக்கிறார். வெளிநாட்டிலுள்ள தம்பி காசு அனுப்பி முற்றத்தில் ஒன்று, விறாந்தையில் ஒன்றாகக் கமரா பூட்டுவித்திருந்தார். "இப்பதான் பிள்ளை, இரவில கண்ணயருறன்" என்றார். இரண்டு கிழமை கழித்து, அந்த விறாந்தையைத் தன் போனில் பார்த்ததாக அயல் பெடியன் ஒருவன் சிரித்துச் சொல்லியிருக்கிறான். அம்மா கமராவின் மேல் துவாயைப் போட்டு மூடிவிட்டார்.

சகோதரிகளே, இதில் மாயம் எதுவுமில்லை. வீட்டில் மினுங்கும் ரவுட்டர் பெட்டிக்கு வெளியுலகில் ஒரே விலாசம்தான். உள்ளிருக்கும் போன், கணினி, கமராவுக்கெல்லாம் அது பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் உள் விலாசங்களைக் கொடுக்கிறது. முகாமில் இருந்தவர்களுக்கு விளங்கும்: முகாமுக்கு ஒரு விலாசம், வரும் கடிதத்தைக் கூடாரம் பார்த்துக் கொடுக்க ஒருவர். இந்த வேலைக்குப் பெயர் 'நாட்'. உள்ளிருந்து கேட்டதற்கு வரும் பதிலை அது உரியவரிடம் சேர்க்கும். கேளாமல் வருவது யாருக்கென்று தெரியாமல் படலையிலேயே நின்றுவிடும்.

தம்பி பார்க்கவென்று அந்தப் படலையில் ஒரு வழி விட்டிருந்தார்கள். அதுதான் போர்ட் ஃபோர்வேர்டிங். இன்ன இலக்கத்துக்கு வருவதை இன்ன உள் விலாசத்துக்கு அனுப்பு என்று ரவுட்டருக்குச் சொல்லிவைப்பது. அந்த வழி தம்பிக்கு மட்டுமல்ல, தட்டிப் பார்க்கும் எவருக்கும் திறந்ததுதான். கமராவின் கடவுச்சொல்லோ கடையிலிருந்து வந்தபடியே 12345. பெடியன் முன்பு அங்கே வைஃபை வாங்கியவன். வெளி விலாசத்தை அறிய அது போதும். 2016இல் மிராய் என்ற கிருமியும் இப்படிக் கடவுச்சொல் மாற்றாத கமராக்களையும் ரவுட்டர்களையும்தான் இலட்சக்கணக்கில் பிடித்தது.

பூட்டியவரைக் கூப்பிட்டோம். "மிஸ், எல்லா வீட்டிலயும் இப்படித்தான் செய்யிறம்" என்றார். அதைக் கேட்டபின் எனக்குத்தான் நித்திரை போனது.

ரவுட்டருக்குள் போய் அந்த வழியை அழித்தார். கமரா தானாக வழி திறக்க இடங்கொடுக்கும் யூபிஎன்பி என்பதையும் நிறுத்தினார். தம்பி இப்போது கமராக் கம்பனியின் செயலி மூலம் பார்க்கிறார். அதற்குக் கமராவே உள்ளிருந்து தொடர்பு எடுப்பதால் படலை திறக்கத் தேவையில்லை. சிம் போடும் ரவுட்டர்களில் பெரும்பாலும் போர்ட் ஃபோர்வேர்டிங் வேலை செய்யாது. கம்பனியே ஒரு விலாசத்தைப் பலருக்குப் பகிர்கிறது. அதைச் செய்து தருவதாக யாரும் காசு கேட்டால் யோசியுங்கள்.

கமரா, ரவுட்டர், வைஃபை, செயலி நான்குக்கும் வெவ்வேறு கடவுச்சொல் வைக்கவேண்டும் என்றேன். பூட்டியவரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, மூத்த மகளோடு இருந்து அம்மாவே தெரிவுசெய்தார். எனக்கும் சொல்லவில்லை.