நடந்து வரும் பக்தருக்கு நம் ஆலய மண்டபம் திறக்குமா?

பாதயாத்திரை என்றதும் எத்தனை கிலோமீட்டர் என்றுதான் நாம் முதலில் கேட்கிறோம். நடந்து பழகியவர்கள் கேட்பது வேறு: இரவு எங்கே படுப்பது? கால் வலிக்குத் தைலம் இருக்கிறது. படுக்க இடம் கொடுக்க ஊர் இல்லையென்றால் யாத்திரை இரண்டாம் நாளோடு நின்றுவிடும்.

ஜொகூரில் நமக்கு இந்தக் கேள்வி அதிகம் எழுந்ததில்லை. தைப்பூசத்துக்கு மாசாய்க்கோ குளுவாங்குக்கோ போனால் அன்றே வீடு திரும்பிவிடுகிறோம். பத்துமலைக்கு பஸ் எடுக்கிறோம். மாசிமகத்துக்கு மலாக்கா செங்கில் சன்னாசிமலை ஆண்டவரைப் பார்க்கப் போவதென்றால் கார். ஆனால் நடந்து போக விரும்பும் இளைஞர்கள் இப்போது நம்மிடையே இருக்கிறார்கள். பழனிக்கும் கதிர்காமத்துக்கும் நடப்பவர்களைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு, நம் ஊரில் ஏன் இப்படி இல்லை என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் பக்தியில் இல்லை, கூரையில் இருக்கிறது.

தமிழர்கள் நடக்கும் நீண்ட யாத்திரைகளில் ஒன்று இலங்கையில் இருக்கிறது. யாழ்ப்பாணம் தொண்டைமானாறு செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் புறப்பட்டு, முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, திருக்கோவில், பொத்துவில் என்று கிழக்குக் கரையோரமாகவே இறங்கி, ஆடிவேல் விழாவுக்குக் கதிர்காமம் போய்ச் சேருகிறார்கள். ஒன்றரை மாதத்துக்கும் மேல் ஆகிறது. 1983ல் தொடங்கிய போர் இந்த வழியை அடைத்தது. 1988ல் கிழக்கிலிருந்து ஒரு சிறு குழு மீண்டும் நடக்கத் தொடங்கியது. வடக்கிலிருந்து தடையில்லாமல் நடப்பதற்கு 2009ல் போர் முடியும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இத்தனை நாள் இவர்கள் எங்கே தங்குகிறார்கள்? வழியில் உள்ள ஊர்க் கோயில்களில். வெளி மண்டபத்தில் துணியை விரித்துப் படுக்கிறார்கள். ஊர்க்காரர்கள் சமைத்ததைச் சாப்பிட்டு, கோயில் கிணற்றில் குளித்து, வெயில் ஏறுமுன் கிளம்பிவிடுகிறார்கள். முன்பதிவும் இல்லை, வாடகையும் இல்லை. கூட்டத்தில் வயதான பெண்கள் நிறையப் பேர். ‘சாமிமார் வருகிறார்கள்’ என்ற செய்தி முந்தின ஊரிலிருந்து வந்து சேர்ந்தால் போதும், அடுப்பு மூட்டிவிடுவார்கள்.

இந்த ஏற்பாடு உகந்தமலை முருகன் கோயில்வரைதான். அதற்கப்பால் ஊர் கிடையாது. குமுனை, யாலை வனப் பகுதிகளைக் கடக்கப் பல நாள் ஆகும். அரசாங்கம் ஆண்டுதோறும் குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டும் காட்டுப் பாதையைத் திறந்துவிடுகிறது, போகிறவர்களைக் கணக்கெடுக்கிறது. படுக்கை ஆற்றங்கரை மணலில். தண்ணீரை வண்டியில் கொண்டுவர வேண்டும், மருத்துவ முகாம் போட வேண்டும், விட்டுச் செல்லும் குப்பையை யாராவது அள்ள வேண்டும். ஊர் இருக்கும்வரை செலவே தெரியாமல் நடந்த காரியம், ஊர் முடிந்த இடத்தில் அதிகாரிகளும் இராணுவமும் தொண்டர் அமைப்புகளும் சேர்ந்து தூக்க வேண்டிய சுமையாகிவிடுகிறது.

பழனிப் பாதையில் இதன் இன்னொரு பக்கத்தைப் பார்க்கலாம். நகரத்தார் காவடி குன்றக்குடியில் கூடி சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாகச் சுமார் 160 கிலோமீட்டர் நடக்கிறது. சில நூற்றாண்டுப் பழக்கம் அது. எந்த நாள் எந்த ஊரில் தங்குவது, யார் சமைப்பது என்பதெல்லாம் தலைமுறைகளாக முடிவாகியிருக்கிறது. அதே சாலையில் அதே நாட்களில் இலட்சக்கணக்கான மற்ற பக்தர்களும் நடக்கிறார்கள். அவர்களுக்கு அன்னதானப் பந்தல் கிடைக்கும். படுக்க இடம் கிடைப்பது அவரவர் அதிர்ஷ்டம். கிடைக்காதவர்கள் கடை வாசலிலும் சாலையோரத்திலும் கண்ணயர்கிறார்கள், அல்லது தூக்கக் கலக்கத்தோடு நடக்கிறார்கள். பாதயாத்திரை பக்தர்கள் மீது வாகனம் மோதிய செய்தி இல்லாமல் அங்கே தைப்பூசக் காலம் கழிவது அரிது. தனி நடைபாதை போட்டுக் கொடுத்தும் கவலை தீரவில்லை. சோறு போட ஆயிரம் பேர் வருகிறார்கள், பாய் போடத்தான் ஆள் குறைவு.

ஒட்டன்சத்திரம் என்ற பெயரிலேயே சத்திரம் இருப்பதைக் கவனியுங்கள். வழிப்போக்கர் தங்குவதை ஒரு காலத்தில் அரசே தன் வேலையாக நினைத்தது. இராமேசுவரம் போகும் சாலையில் தஞ்சை மராட்டிய மன்னர்கள் வரிசையாகச் சத்திரங்கள் கட்டினார்கள். ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி 1802ல் எழுப்பிய முத்தம்மாள் சத்திரம் இன்றும் நிற்கிறது. இன்னும் பின்னால் போனால் ஆற்றுப்படை நூல்கள். சிறுபாணாற்றுப்படையில் கடற்கரை ஊரில் என்ன மீன் கிடைக்கும், வேடர் ஊரில் என்ன சோறு, உழவர் ஊரில் என்ன குழம்பு என்று வழிநெடுக விருந்துப் பட்டியலே இருக்கிறது. திருமுருகாற்றுப்படை முருகனிடம் போக வழி சொல்லும், ஆனால் இராத் தங்க இடம் சொல்லாது. அதை ஊர்கள் பார்த்துக்கொள்ளும் என்று நக்கீரர் நம்பியிருக்கலாம்!

நம் தோட்டங்களிலும் அந்த நம்பிக்கை இருந்தது. ரெங்கம், லாயாங் லாயாங், லாபிஸ், பெக்கோக் பக்கத்துத் தோட்டங்களில் திருவிழா என்றால் பக்கத்துத் தோட்டத்துச் சனம் முதல் நாளே வந்துவிடும். சொந்தம் இருந்தால் லயத்து வீட்டுக்குள், இல்லாவிட்டால் அஞ்சடியில், அதுவும் நிறைந்துவிட்டால் கோயில் திடலில் படுக்கை. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன, நிலம் வீடமைப்புக்குப் போனது, நம் பிள்ளைகள் தாமான் வீடுகளுக்கும் சிங்கப்பூர் வேலைக்கும் போனார்கள். பல இடங்களில் கோயில் மட்டும் நிற்கிறது, அதைச் சுற்றிய வீடுகள் இல்லை. கதிர்காம யாத்திரை உகந்தையில் சந்திக்கும் நிலைமையை நாம் காடு இல்லாமலே சந்திக்கிறோம்.

ஆனால் நம்மிடம் கூரை இல்லை என்று சொல்ல முடியாது. பட்டணங்களில் ஆலயத்துக்கு ஆலயம் மண்டபம் கட்டியிருக்கிறோம். குளிர்சாதனம், மேடை, சமையற்கட்டு எல்லாம் இருக்கிறது. சனி, ஞாயிறு கல்யாணம், பிறந்தநாள் என்று வாடகைக்குப் போகிறது. திங்கள் முதல் வெள்ளி வரை இரவில் பூட்டுத்தான். வாடகை ஆலயத்துக்கு வேண்டிய வருமானம், அதைக் குறை சொல்வதற்கில்லை. காலியாகக் கிடக்கும் இரவுகளைப் பற்றித்தான் பேச்சு.

முடியாது என்பவர்கள் ஜொகூர் வெள்ளத்தை நினைத்துப் பார்க்கலாம். 2006 இறுதியிலும் 2007 தொடக்கத்திலும் இலட்சம் பேருக்கு மேல் வீட்டை விட்டு வெளியேறினார்கள். 2023 மார்ச்சில் பத்து பகாட், சிகாமட் பக்கம் நாற்பதாயிரம் பேருக்கு மேல். பள்ளிகளும் பொது மண்டபங்களும் தற்காலிக நிவாரண மையங்களாகின. பாய், தண்ணீர், கழிப்பறை, பெயர்ப் பதிவு, பெண்களுக்குத் தனி இடம் என்று ஓர் இரவுத் தங்கலுக்கு என்னவெல்லாம் தேவை என்பதை இந்த மாநிலம் நன்றாகவே கற்றிருக்கிறது.

அக்கம்பக்கத்தையும் பார்க்கலாம். இந்நாட்டில் பல பள்ளிவாசல்கள் முசாபிர்கள் தங்க அறை வைத்திருக்கின்றன. மலாக்கா சீக்கியக் கோயிலில் ஒவ்வொரு மே மாதமும் சந்த் பாபா சோகன் சிங் நினைவு நாளுக்கு மலேசியா, சிங்கப்பூரிலிருந்து ஆயிரக்கணக்கானோர் கூடுகிறார்கள். அவர்களுக்குச் சாப்பாடும் தங்கலும் கோயில் பொறுப்பு. நம் ஆலயங்கள் அன்னதானத்தில் யாருக்கும் சளைத்தவை அல்ல. இலை எடுத்த பிறகுதான் நாம் விருந்தாளியை மறந்துவிடுகிறோம்.

ஆலய நிர்வாகங்களுக்குப் பயம் இருக்கிறது, அது நியாயமானதும்கூட. உண்டியல் உடைந்தால் யார் பதில் சொல்வது? வந்தவர் மது அருந்தியிருந்தால்? இராத்திரி ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால்? தலைவர் அணி சம்மதித்தால் செயலாளர் அணி சம்மதிக்காது என்ற நம் வழக்கமான சங்கடம் வேறு. ஸ்பெயினில் சாண்டியாகோவுக்கு நடப்பவர்கள் கையில் ஒரு சிறு புத்தகம் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு ஊரிலும் அதில் முத்திரை வாங்க வேண்டும். அதைக் காட்டினால்தான் யாத்திரிகர் விடுதியில் படுக்கை. பொதுவாக ஓர் இரவுதான், காலையில் கிளம்பிவிட வேண்டும். யார் வந்தார், எங்கிருந்து வந்தார், எப்போது போனார் என்பது எழுத்தில் இருக்கிறது. நம் பயத்தில் பாதி இந்த ஒரு புத்தகத்தில் தீர்ந்துவிடும். மீதிப் பாதி கழிப்பறை. பெண்கள் தங்க வேண்டுமென்றால் தாழ்ப்பாள் உள்ள கழிப்பறையும் விடிய விடிய எரியும் விளக்கும் கட்டாயம். அவை இல்லாத மண்டபத்தைத் திறக்காமல் இருப்பதே நல்லது.

மாநிலம் முழுக்க ஒரே நாளில் தொடங்க வேண்டியதில்லை. மாசிமகத்துக்கு மூவாரிலிருந்து செங்குக்கு யாராவது நடக்க நினைத்தால் ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். வெயிலைத் தவிர்த்து நடந்தால் இரண்டு நாள், இடையில் ஓர் இரவு. பாதி வழியில் மெர்லிமாவ் இருக்கிறது, நம் மக்களும் அங்கே இருக்கிறார்கள். ஜொகூரிலிருந்து புறப்படுகிறவர்களுக்கு மலாக்கா மாநிலத்தில் ஒரே ஓர் இரவுக்கு ஒரே ஒரு மண்டபம் போதும்.

சங்கப் பதிவிலாகாவில் பதிவு பெற்ற ஒவ்வோர் ஆலயமும் பொதுக்கூட்டம் நடத்தித்தான் ஆக வேண்டும். கணக்கறிக்கை வாசித்து, தேர்தல் சண்டை முடிந்து, ‘இதர விஷயங்கள்’ என்று ஒரு கட்டம் வரும். பாதயாத்திரை பக்தர்களுக்கு ஆண்டில் இத்தனை இரவுகள் மண்டபம் இலவசம் என்ற தீர்மானத்துக்கு முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர் இருந்தால் போதும்.